ஏழு பொம்மைகளும் ஒரு நிலாவும்

செல்வி தன் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டியபோது என் வாய் நிறைய பிஸ்கட் இருந்தது. தேநீர் இடைவேளை. எங்கள் ஷூ கம்பெனியில் அந்த நேரத்துக்கு மட்டும் மிஷின்கள் எல்லாம் ஒன்றாக வாயை மூடும். பேட்டர்ன் அறையில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு, கத்தாமல் பேச வாய்ப்பது அப்போதுதான்.

“அக்கா, உங்க படத்துக்குக் கீழ ஒருத்தர் என்னமோ எழுதியிருக்காரு. படிக்கட்டா?”

“பாராட்டா, திட்டா?”

“ரெண்டும் இல்லக்கா. கேள்வி கேக்கறாரு.”

செல்வி மாதனூர்ப் பக்கத்துப் பெண். கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவள். என் வயதில் பாதி. நான் தோல் துண்டுகளை ஒட்டிச் செய்த படத்தைப் போட்டோ எடுத்து, பழைய சினிமாக்களை விரும்புகிறவர்கள் கூடும் ஒரு இணையக் குழுவில் போட்டது அவள்தான். எனக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது. அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“அம்மா, அருமையான கைவேலை. ஆனால் சில சந்தேகங்கள். குட்டிப் பெண்ணுக்கு வலது காலில்தான் செருப்பு. தையல்காரருக்குத் துணி கட்டியிருப்பது வலது கண்ணில். நீங்கள் இரண்டையும் இடது பக்கம் வைத்திருக்கிறீர்கள். அப்புறம் அந்த நிலா எங்கிருந்து வந்தது? அந்த சினிமாவில் நிலாவே கிடையாதே. அதுவும் பட்டப்பகலில், மேளத்துக்குப் பின்னால்?”

பிஸ்கட் தொண்டையில் நின்றது.

“யாருடி அந்த ஆளு?”

“பேரு வேற என்னமோ வெச்சிருக்காரு. ஊரு குடியாத்தம்னு போட்டிருக்கு. தலையெல்லாம் நரச்சிருக்கு.”

“நரச்சா ஆச்சா?” என்றேன்.

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் கோபம் பழக்கப்பட்டிருக்கும். ஆனால் அன்றைக்கு வந்த கோபத்துக்கு நியாயம் உண்டு. இடது எது, வலது எது என்று பார்ப்பதுதான் நான் சம்பளம் வாங்கும் வேலை. ஷூவின் மேல்பாகத்தில் எத்தனை துண்டுகள் உண்டோ, அத்தனைக்கும் நாங்கள் அட்டையில் அச்சு வெட்டுவோம். ஒரு காலுக்கு வெட்டினால் போதும். அதே அட்டையைத் திருப்பிப் போட்டால் அடுத்த கால். யாருக்காவது கவனம் பிசகி அட்டை மாறிக் கிடந்தால், கட்டிங்கில் இரண்டுமே இடது காலாக வந்து விழும். அப்படி ஒரு ஜோடி என் கையைத் தாண்டிப் போனதாக எங்கள் கம்பெனியில் யாரும் சொல்லிவிட முடியாது.

அப்படிப்பட்டவளிடம் வந்து, செருப்பைக் கால் மாற்றி மாட்டியிருக்கிறாய் என்றால்?

தெருவில் கட்டிய துணி

அந்த சினிமாப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. கோடை விடுமுறையில் எங்கள் தெருவுக்கு ஒரு வேன் வரும். ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டும் வேன். முதலில் கொசு, தடுப்பூசி, கொதிக்க வைத்த தண்ணீர் என்று ஏதேதோ புத்தி சொல்லும். அதைப் பொறுத்துக்கொண்டால் பிறகு பொம்மைப் படம் வரும். எந்த வருடம் வந்தாலும் அதே படம்தான். யாரும் வேறு படம் கேட்கவில்லை.

தோல் மண்டிச் சுவரிலிருந்து எதிர் வீட்டு மாடிக் கம்பி வரை தெருவின் குறுக்கே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். படம் காட்டும் மிஷினை வேன் கூரை மேல் ஏற்றி வைப்பார்கள்.

எங்கள் வீட்டில் சினிமா என்றாலே முகம் சுளிப்பார்கள். கொட்டகைப் பக்கம் பெண்கள் தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஆனால் இந்தப் படத்துக்கு மட்டும் அப்பா, “பொம்மைதானே” என்று ஒரே வார்த்தையில் அனுமதி கொடுத்துவிட்டார். மற்ற வீட்டுப் பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அதனால் அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்ததும் பெண்கள் பாயும் பிள்ளையும் வறுத்த கடலையுமாக வெளியே வந்துவிடுவார்கள். ஆண்கள் அவர்கள் பக்கம். நாங்கள் எங்கள் பக்கம். தோல் ஊறப் போட்ட தொட்டிகளின் வாடை அன்றைக்கு மட்டும் மல்லிகைக்கும் அத்தருக்கும் கொஞ்சம் வழிவிடும்.

முதலில் எழுத்துகள் ஓடும். எனக்கு அப்போது தமிழ் படிக்க வராது. படித்தது உருதுப் பள்ளி. வலமிருந்து இடமாக வாசிக்கிறவள். அதனால் படத்தின் பெயர்கூடத் தெரியாமல்தான் அதை நேசித்தேன். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது ‘பொம்மைப் படம்’தான்.

கதை இதுதான். ஓர் ஊரில் ஆறு வற்றிவிடுகிறது. ஏழு பொம்மைகள் ஒரு வண்டி கட்டிக்கொண்டு மழையைத் தேடிப் போகின்றன. பாலாற்றங்கரைப் பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஏழு பேருக்கும் ஒரு பக்கத்தில் ஏதோ ஒன்று குறைந்திருக்கும். தையல்காரருக்கு ஒரு கண். போலீஸ்காரருக்குப் பாதி மீசை. குதிரைக்கு ஒரு காது கிழிசல். சமையல்காரரின் ஒரு கை துணி, ஒரு கை கரண்டி. தபால்காரரின் ஒரு தோளில் கிளி, இன்னொரு தோளே கிடையாது. மேளக்காரி மேளத்தின் ஒரு பக்கத்தை மட்டும்தான் அடிப்பாள், அடுத்த பக்கம் ஓட்டை. கடைசியாக ஒற்றைச் செருப்புக் குட்டி. அவள்தான் என் செல்லம். மழை வந்தால் இன்னொரு செருப்பு ஆற்றில் மிதந்து வரும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருப்பார்கள். அதை நம்பித்தான் அவள் வண்டியில் ஏறுவாள்.

பொம்மைகள் பேசும் தமிழ் எனக்குப் பாதி புரியாது. அம்மி, அதாவது என் அம்மா, என் காதோடு காதாக உருதுவில் சொல்லிக்கொண்டே வருவார். காய்காரியிடமும் பால்காரரிடமும் பேசிப் பேசி அம்மிக்குத் தமிழ் நன்றாக வந்திருந்தது. ஆனாலும் அவர் சொன்னதில் பாதி அவரே கட்டிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. போலீஸ்காரர் தன் மீசையை மாமியார் வீட்டில் மறந்து வைத்துவிட்டார் என்பது நிச்சயமாக அம்மியின் சரக்குதான்.

அப்புறம் நிலா. பொம்மைகள் எங்கே போனாலும் கூடவே ஒரு நிலா இருக்கும். வானத்தில் இருக்காது. கொஞ்சம் தாழ்வாக, பொம்மைகளின் இடுப்புயரத்தில், படத்துக்கு நடுவில். நான் தலையைச் சாய்த்தால் அதுவும் என்னோடு கொஞ்சம் சாயும். சில நேரம் படபடவென்று துடிக்கும். படம் முடிந்தால் அணைந்துவிடும். நிலா எரிந்ததும் எங்கள் பக்கத்துப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை இழுத்து உட்கார வைத்துக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

இந்தப் பொம்மைகளை நான் திரும்பச் செய்ய ஆரம்பித்தது அம்மி இறந்த பிறகு. அதுவரை ஞாயிறு முழுவதும் அவரைக் குளிப்பாட்டுவதிலும் ஊட்டுவதிலும் போய்விடும். அவர் போனதும் ஞாயிற்றுக்கிழமைகள் சும்மா கிடந்தன. கையும் சும்மா கிடந்தது. கை சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

கட்டிங்கில் மிஞ்சும் தோல் துண்டுகளைச் சூப்பர்வைசரிடம் கேட்டு, கேட் பாஸ் போட்டு ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். கம்பெனியில் செய்கிற மாதிரியேதான் வீட்டிலும் செய்தேன். எனக்கு வேறு மாதிரி செய்யத் தெரியாது. முதலில் ஒவ்வொரு பொம்மையின் ஒவ்வொரு பாகத்துக்கும் அட்டையில் அச்சு. பிறகு அதை வைத்துத் தோலில் வெட்டு. மேளத்துக்குச் சிவப்பு, தையல்காரரின் கண் துணிக்குப் பளபளக்கும் கறுப்பு, குதிரைக்குப் பழுப்பு. குட்டியின் செருப்பைத் தைத்தே போட்டேன், கட்டைவிரல் நகத்தளவு. நிலாவுக்கு வெள்ளை ஆட்டுத் தோல். மேல்பக்கம் ரொம்ப மினுமினுத்தது. அதனால் உள்பக்கத்தைத் திருப்பி ஒட்டினேன். உள்பக்கம் பஞ்சு மாதிரி மங்கலாக இருக்கும்.

செல்வி வீட்டுக்கு வந்தபோது பார்த்துவிட்டாள்.

“அக்கா, இதுக்குப் பேரு ஃபேன் ஆர்ட்டு.”

“இன்னாது?”

“பிடிச்ச படத்துல வர்றவங்கள நாமளே வரஞ்சு, செஞ்சு போடறது. உலகம் பூரா செய்றாங்க. அதுக்குன்னே கூட்டம் இருக்கு.”

நான் என்னவோ தனியாகக் கிறுக்குப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். உலகம் முழுக்க அந்தக் கிறுக்கு உண்டு என்று தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அவள் போட்டோ எடுத்துப் போட்டாள். முதல் இரண்டு நாள் கைதட்டலும் இதயமுமாக வந்தன. மூன்றாம் நாள் வந்தார் குடியாத்தத்துக்காரர்.

ஒரு போட்டோ

“நீங்க பாத்தது வேற ஏதோ படமா இருக்கும்னு எழுதுடி” என்று செல்வியிடம் சொன்னேன். அவள் மரியாதையாக எழுதினாள். அடுத்த நாள் தேநீர் இடைவேளையில் பதில் வந்திருந்தது. அவர் வாதம் செய்யவில்லை. ஒரு போட்டோவைப் போட்டிருந்தார். படம் எடுத்தபோது விளம்பரத்துக்காக எடுத்ததாம். அவருடைய மாமா படக்கொட்டகையில் வேலை பார்த்தவர், அவர் வழியாகக் கிடைத்ததாம்.

கறுப்பு வெள்ளை. வண்டிக்கு முன்னால் ஏழு பேரும் வரிசையாக நின்றார்கள். இத்தனை வருடம் கழித்து அவர்களைப் பார்க்கிறேன். தொலைந்துபோன சொந்தக்காரர்களைப் பார்த்தது போலத்தான் இருந்தது. செல்வியின் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

அப்புறம்தான் கால்களைப் பார்த்தேன். குட்டியின் செருப்பு வலது காலில் இருந்தது. கண் துணி வலது கண்ணில். கிளி வலது தோளில். நிலா இல்லை.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். அன்று மதியம் ஒவ்வொரு அட்டையையும் எடுத்து, பார்த்து, வைத்து, மறுபடி எடுத்துப் பார்த்தேன். என் மேஜையில் வேலை தேங்கியது. அப்படித் தேங்குவது கம்பெனியில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

அம்மியின் செருப்பு

நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்று சொல்ல வேண்டும்.

அம்மிக்கு மறதி வந்ததை முதலில் காட்டிக்கொடுத்தது அவருடைய செருப்பு. ஒரு நாள் கடைத்தெருவுக்குக் கிளம்பியவர் இடது செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு தடுமாறினார். சொன்னால் சிரித்தார். அடுத்த நாளும் அதேதான். நான் இரண்டு செருப்பிலும் நூல் கட்டி அடையாளம் வைத்தேன். நூலையும் மறந்தார். அதன் பிறகு அடுப்பு, கதவுத் தாழ்ப்பாள், பேரப்பிள்ளைகளின் பெயர்கள், கடைசியில் என் பெயர் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின.

கடைசி மாதங்களில் அம்மி படுத்தே கிடந்தார். அவர் அறை ஜன்னலுக்கு வெள்ளைத் திரைச்சீலை. அதற்கு நேர் வெளியே தெருவிளக்கு. அந்தி மயங்கி விளக்கு எரிந்ததும் அம்மியின் முகம் மாறிவிடும். “சாந்த் நிகல்யா” என்பார். நிலா வந்துவிட்டது என்று பொருள். சொல்லிவிட்டுக் கட்டிலில் சுவரைவிட்டு இந்தப் பக்கம் நகர்ந்து படுப்பார். சுவரோரமாக இடம் காலியாக இருக்கும். அதைத் தட்டித் தட்டிக் காட்டுவார். கீழே விழுந்துவிடுவார் என்று பயந்து நாங்கள் அவரைத் திரும்பச் சுவரோரமாக நகர்த்திப் போடுவோம். சாயங்காலம் ஆனால் இப்படிப்பட்டவர்களுக்குக் குழப்பம் ஜாஸ்தியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால்தான் அந்தப் போட்டோவில் செருப்பு வலது காலில் இருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. அம்மியின் மறதி என்னிடம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அதுவும் அவருக்கு ஆரம்பித்த அதே இடத்தில்.

வாரக் கடைசியில் செல்வியிடம் சொல்லிவிட்டேன்.

“மேனேஜர்கிட்ட பேசி நான் பேக்கிங்குக்குப் போய்டறேன். இந்த மேஜைய நீ பாத்துக்கோ.”

“இன்னாக்கா பேசறீங்க? ஒரு பொம்ம செருப்ப மாத்திப் போட்டதுக்கா?”

“பொம்மை இல்லடி. எங்க அம்மிக்கும் செருப்புலதான் ஆரம்பிச்சுது. நாளைக்கு நான் ஒரு ஆர்டரையே மாத்தி அனுப்பிட்டேன்னு வெச்சுக்கோ. அதுக்கு முன்னாடி நானே எழுந்திரிச்சுடணும்.”

பஸ்ஸுக்கு ஹாரன் அடித்தார்கள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள், “திங்கக்கிழம லீவு போட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போலாம். நானும் வர்றேன். அதுவரிக்கும் மேனேஜர்கிட்ட ஒண்ணும் ஒளறி வெக்காதீங்க” என்றாள். என் சொந்த மகள் இருந்திருந்தாலும் இப்படி அதட்டியிருக்க மாட்டாள்.

அட்டையைத் திருப்பினேன்

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் அந்தத் தோல் படத்தையாவது சரி செய்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். தப்பு என்று தெரிந்த ஒன்றை என் வீட்டுச் சுவரில் வைத்திருக்க எனக்கு மனசு வராது. செல்வி அந்தப் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருந்தாள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

குட்டியின் கால் அட்டையை எடுத்தேன். புதிதாக வெட்ட வேண்டியதில்லை, திருப்பிப் போட்டால் போதும். திருப்பினேன். போட்டோவோடு அச்சாகப் பொருந்தியது. கால் வளைந்து நிற்கும் விதம் உட்பட.

தையல்காரரின் தலையைத் திருப்பினேன். பொருந்தியது. போலீஸ்காரரின் மீசை. தபால்காரரின் கிளி. குதிரையின் கிழிந்த காதைத் திருப்பும்போது என் கை நின்றுவிட்டது.

எல்லாமே பொருந்துகிறதே!

மிச்சம் இருந்ததை அவசர அவசரமாகத் திருப்பிப் பார்த்தேன். கரண்டி, மேளம், வண்டிச் சக்கரத்தில் உடைந்த ஆரக்கால், ஏழு பேரும் நிற்கும் வரிசை, ஒன்றுகூட விலகவில்லை.

மறதி இப்படி வேலை செய்யாது. எனக்குத் தெரியும். மறதி ஒன்றை எடுக்கும், ஒன்றை விடும், ஒன்றை இன்னொன்றோடு குழப்பும். அம்மி என் பெயரை மறந்தார், ஆனால் பால்காரர் பெயர் கடைசி வரை நினைவிருந்தது. ஒன்று விடாமல், வரிசை கலையாமல், எல்லாவற்றையும் பக்கம் மட்டும் மாற்றி வைக்க மறதிக்குத் துப்புக் கிடையாது. இது அட்டை திரும்பிக் கிடந்த விவகாரம். கம்பெனியில் நான் தினமும் பார்ப்பது.

ஆனால் என் தலைக்குள் இருக்கும் படத்தை யார் திருப்பிப் போட்டார்கள்?

நிலாவையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வட்டத்துக்கு ஏது இடதும் வலதும். போட்டோவில் அதற்கு இடமும் இல்லை. அது மட்டும் இடித்தது.

அண்ணன் சொன்னது

எங்கள் அண்ணன் கடைத்தெருவில் மளிகை வைத்திருக்கிறார். நாங்கள் அவரைப் பாய்ஜான் என்போம். ஞாயிறு காலை வியாபாரம் சூடாக இருக்கும். நான் போய் நின்றபோது யாருக்கோ பருப்புப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது உருதுவில். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

“பாய்ஜான், பொம்மைப் படம் ஞாபகம் இருக்கா?”

“இல்லாம? ஒத்தச் செருப்புக் குட்டி, அரை மீசை போலீசு.”

“குட்டிக்கு எந்தக் கால்ல செருப்பு?”

அண்ணன் நூலைப் பல்லில் கடித்தபடியே தன் வலது தொடையைத் தட்டிக் காட்டினார்.

“எனக்கு இடது கால்னுதான் ஞாபகம்.”

“உனக்கு அப்படித்தான் இருக்கும்” என்றார், பருப்பு விலை சொல்கிற குரலில். “நீங்கல்லாம் துணிக்குப் பின்னாடி இல்ல உக்காந்தீங்க?”

“பின்னாடின்னா?”

“பின்னாடின்னா பின்னாடிதான். பொம்பளைங்க துணிக்கு அந்தப் பக்கம், ஆம்பளைங்க வேன் பக்கம். ரெண்டு பேரும் கலக்கக் கூடாதுன்னு நடுவுல துணியையே மறைப்பா வெச்சுட்டாங்க. அதனாலதானே உங்கள வெளிய விட்டாங்க. எங்களுக்கு வலதுன்னா உங்களுக்கு இடது.”

“இத்தன வருஷத்துல ஏன் சொல்லல?”

“நீ எப்போ கேட்ட?”

நான் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அங்கே உட்காராதே என்று அவர் நூறு முறை சொல்லியிருக்கிறார். அன்று சொல்லவில்லை.

ஆண்கள் அவர்கள் பக்கம், நாங்கள் எங்கள் பக்கம். இதை நான் மறந்ததே இல்லை. அந்தப் பக்கம் பின்பக்கம் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியாது. எங்களுக்கு எங்கள் பக்கம்தான் முன்பக்கம். எழுத்து திரும்பி ஓடியிருக்கும். தமிழ் தெரிந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன்.

“அப்போ நிலா?” என்றேன்.

“எந்த நிலா?”

“படத்துக்கு நடுவுல ஒண்ணு இருக்குமே. மேளத்துக்குப் பின்னாடி. நம்ம கூடவே சாயும்.”

அண்ணன் பொட்டலத்தை வைத்துவிட்டு யோசித்தார். பிறகு கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார்.

“அட, அது மிஷின் லைட்டு! வேன் மேல இருந்து நேரா துணி மேல அடிக்கும் இல்ல? பின்னாடி இருந்து பாத்தா அந்த பல்பு துணி வழியா உருண்டையா தெரியும். ஒரு நாள் தண்ணி குடிக்க அம்மிகிட்ட வந்தப்போ நானும் பாத்தேன். ஐயோ, இத நிலான்னா வெச்சிருந்தீங்க?”

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். பருப்பு வாங்க வந்தவர் பாவம், எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறு வயதில் என்ன பார்த்தேனோ அது துளி மாறாமல் என்னிடம் இருக்கிறது. கிழிந்த காது முதல் உடைந்த ஆரக்கால் வரை.

எங்களைத் துணிக்குப் பின்னால் உட்கார வைத்தார்களே என்று பிறகு கோபமும் வந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் பொம்மைகளுக்கு நடுவே நிலாவை வைத்துப் படம் பார்த்தது நாங்கள் மட்டும்தான் என்பதையும் விட்டுக்கொடுக்க மனம் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

குடியாத்தத்து அக்கா

நடந்ததைச் செல்வி என் சார்பில் அந்தக் குழுவில் எழுதினாள். குடியாத்தத்துக்காரரிடமிருந்து உடனே பதில் இல்லை. நான் அவரை மனசுக்குள் இரண்டு வசவு வைதேன். மறுநாள் எழுதியிருந்தார். என் கதையைப் படித்ததும் தன் வீட்டில் இருக்கும் அக்காவிடம் போய், அந்தப் படத்தில் நிலா உண்டா என்று கேட்டாராம். அந்த அம்மா இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நெலா இல்லாத படத்த நீ எங்கடா போய்ப் பாத்த?” என்று கேட்டாராம்.

அதன் பிறகு வரிசையாகப் பெண்கள் எழுத ஆரம்பித்தார்கள். வாணியம்பாடியில் ஒருவர், பேரணாம்பட்டில் ஒருவர், ஏலகிரி மலையடியில் ஒருவர். எல்லோருக்கும் இடது காலில்தான் செருப்பு. எல்லோரிடமும் நிலா இருந்தது. அந்தக் குட்டிக்கு மழை வரவழைத்ததே அந்த நிலாதான் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். நான் மறுக்கவில்லை.

திங்கட்கிழமை வேலூருக்குப் போகவில்லை. என் மேஜையில்தான் உட்கார்ந்தேன். தேங்கிய வேலையை மதியத்துக்குள் தள்ளிவிட்டேன். “பேக்கிங்குல ஒரு எடம் காலியா இருக்குதாம், சொல்லட்டுமாக்கா?” என்று செல்வி நாள் முழுக்கச் சீண்டிக்கொண்டே இருந்தாள்.

நிலா வந்துவிட்டது

அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அந்தி சாய்ந்திருந்தது. அம்மியின் அறையில் துணி எடுக்கப் போனேன். அவர் போன பிறகும் அந்த அறையில் எதையும் மாற்றவில்லை. கட்டில் அங்கேயே கிடக்கிறது. திரைச்சீலையைத் துவைத்துத் துவைத்து அதே ஜன்னலில் மாட்டுகிறேன்.

நான் உள்ளே இருக்கும்போதே தெருவிளக்கு எரிந்தது.

வெள்ளைத் துணி. அதற்குப் பின்னால் உருண்டையாக ஒரு வெளிச்சம். முதலில் கொஞ்சம் துடித்து, பிறகு நிலைத்தது. நான் தலையைச் சாய்த்தேன். அதுவும் சாய்ந்தது.

துணி எடுக்க வந்ததையே மறந்து அப்படியே நின்றேன்.

சாந்த் நிகல்யா என்று அம்மி சொன்னது தெருவிளக்கைப் பார்த்து இல்லை. அவர் எங்கள் தெருவில், துணிக்கு எங்கள் பக்கத்தில், பாயில் உட்கார்ந்திருந்தார். மிஷின் போட்டுவிட்டார்கள், படம் ஆரம்பிக்கப் போகிறது. பிள்ளை இன்னும் விளையாடிக்கொண்டிருக்கிறாள். அதனால் நகர்ந்து, சுவர்ப் பக்கம் இடம் விட்டு, தட்டித் தட்டிக் கூப்பிட்டார். தோல் மண்டிச் சுவர்ப் பக்கம்தான் நான் எப்போதும் உட்காருவேன், சாய்ந்துகொள்ள வசதியாக இருக்கும் என்று.

என் பெயர் போய்விட்டது. என் முகமும் போய்விட்டது. என் இடத்தை மட்டும் அம்மி கடைசி வரை பிடித்து வைத்திருந்தார்.

சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் எதையும் மாற்றப் போவதில்லை. செருப்பு இடது காலிலேயே இருக்கட்டும். நிலாவும் மேளத்துக்குப் பின்னாலேயே இருக்கட்டும்.

அன்று கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலில் ஏறி, சுவரோரமாகப் போய் உட்கார்ந்தேன்.